மூளை அழுத்தத்துக்கு எடை குறைப்புதான் மருந்து என்றார்கள்: என் அனுபவம்

தலைக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் ஏறிவிட்டது, அதனால் கண் நரம்பு வீங்கியிருக்கிறது, உடல் எடையைக் குறைப்பதுதான் இதற்கு முக்கியமான சிகிச்சை என்று டாக்டர் சொல்லும்போது, நம்மில் பல பெண்களுக்கு அது சிகிச்சையாகவே காதில் விழாது. கல்யாண வீட்டிலும் ஆபீஸ் லிஃப்டிலும் வருஷக்கணக்கில் கேட்டுச் சலித்த "கொஞ்சம் குறைச்சுக்கோம்மா" என்ற பேச்சின் தொடர்ச்சியாகத்தான் விழும். எனக்கும் அப்படித்தான் விழுந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். மாத்திரைக்கு ஒரு அளவு, ஒரு கால கணக்கு, வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பரிசோதனை இருக்கிற மாதிரி இந்த நோயில் எடை குறைப்புக்கும் இருக்கிறது. அழகு, வெட்கம், சொந்தக்காரர் பேச்சு எல்லாவற்றையும் அதிலிருந்து பிரித்து வைத்துவிட்டு, மருந்துச் சீட்டில் எழுதிய மருந்தைப் போல அதைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நோயின் பெயர் இடியோபதிக் இன்ட்ராக்ரேனியல் ஹைப்பர்டென்ஷன், சுருக்கமாக ஐஐஎச். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி எந்த நேரமும் ஏறக்குறைய 150 மில்லி நீர் இருக்கிறது, ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவுக்குப் புதிதாகச் சுரக்கிறது, அதே அளவு ரத்தத்தில் வடிந்து போகிறது. மாடித் தொட்டியில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க, வெளியே போகும் குழாய் மட்டும் மந்தமானால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கிறது, ஆனால் மண்டை ஓட்டில் வழிந்து போக இடம் கிடையாது. கட்டி இல்லை, ரத்த உறைவு இல்லை, கிருமி இல்லை, ஆனாலும் அழுத்தம் ஏறி நிற்கும். பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு, அதிலும் எடை கூடுதலாக உள்ளவர்களுக்கும் சமீபத்தில் எடை ஏறியவர்களுக்கும் வருகிறது. எனக்கு இரண்டாவது குழந்தைக்கு அப்புறம் எடை மளமளவென்று ஏறியது, கிண்டியில் உட்கார்ந்தே பார்க்கும் கணக்கு வேலை, தூக்கம் கெட்ட ராத்திரிகள். 158 சென்டிமீட்டர் உயரத்துக்கு 88 கிலோ.

இது ரத்தக் கொதிப்பு இல்லை என்பதை வீட்டில் எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. பிரஷர் என்றதும் அவர்கள் பிபி மாத்திரையைத்தான் நினைத்தார்கள். ஆனால் கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிபியையும் முதலில் அளந்துதான் ஆக வேண்டும், ஏனென்றால் அது மிக அதிகமாக ஏறினாலும் கண் நரம்பு வீங்கும்.

அறிகுறிகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் மாதங்கள் வீணாகின்றன. காலையில் எழும்போதே தலைவலி, படுத்தால் கூடும், இருமினாலும் குனிந்தாலும் கூடும். வாசலில் குனிந்து கோலம் போட்டுவிட்டு நிமிரும்போது சில நொடிகள் பார்வை சாம்பலாக மங்கிப் பிறகு தானே தெளியும். இரவில் தலையணையில் காதை வைத்தால் நாடித் துடிப்போடு சேர்ந்து உஸ் உஸ் என்று காதுக்குள் ஒரு சத்தம். சிலருக்குப் பக்கவாட்டில் பார்க்கும்போது ஒன்று இரண்டாகத் தெரியும். கழுத்து வலியும் வரும். எனக்கு முதலில் சைனஸ் என்றார்கள், அப்புறம் மைக்ரேன் என்றார்கள், மாத்திரைகள் மாறின, யாரும் கண்ணுக்குள் பார்க்கவில்லை. பார்வை மங்குவது பவர் ஏறியதால் இருக்கும் என்று கண்ணாடி மாற்றப் போன இடத்தில்தான் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்த டாக்டரம்மா, "ரெண்டு கண்ணுலயும் நரம்பு வீங்கியிருக்கும்மா, இன்னைக்கே நியூரோ டாக்டரைப் பாருங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஆகவே தலைவலியோடு மேலே சொன்னவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும், கண் பாப்பாவை விரித்து நரம்பைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பணம் ஒரு தடையென்றால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, 1819 இல் தொடங்கிய இடம், கண் நரம்பு வீக்கம் அவர்களுக்குப் புதிதில்லை. நரம்பியல் பிரிவுக்கு சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை.

அடுத்தது பரிசோதனைகள். எம்ஆர்ஐ, கூடவே மூளையின் சிரைகளைப் பார்க்கும் வெனோகிராம். இந்த இரண்டாவதை விட்டுவிடக் கூடாது. மூளைச் சிரையில் ரத்தம் உறைந்தாலும் இதே அறிகுறிகள் வரும், அதற்கு வைத்தியம் முற்றிலும் வேறு. பிள்ளை பெற்ற சில வாரங்களுக்குள் இருப்பவர்களும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களும் இதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். அப்புறம் முதுகில் ஊசி போட்டு நீரின் அழுத்தத்தை அளப்பது. அளவுக் குழாயில் அந்த நீர் ஏறி நிற்கும் உயரம்தான் கணக்கு, பெரியவர்களுக்கு 25 சென்டிமீட்டர் வரை சரி, அதற்கு மேல் போனால் அதிகம், எனக்கு 34. முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் பயமுறுத்தினார்கள். ஊசி இறங்கும் இடம் தண்டுவடம் முடிந்ததற்குக் கீழே என்பதை டாக்டர் படம் போட்டுக் காட்டினார், அதைப் பார்த்த பிறகு என் பயம் பாதி போய்விட்டது. ஊசிக்குப் பிறகு சில நாள், உட்கார்ந்தால் வேறு மாதிரி ஒரு தலைவலி வரலாம், எனக்கு வந்தது, போய்விட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் முதலில் பார்த்த நரம்பியல் டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "வெயிட்டைக் குறைங்க" என்று இரண்டே வார்த்தை சொல்லி ஃபைலை மூடினார். எவ்வளவு, எவ்வளவு காலத்தில், எப்படி, குறைந்தால் என்ன ஆகும், எதுவும் இல்லை. வெளியே வந்து ஆட்டோவில் அழுதேன். என் கண் போகப் போகிறது, அதற்குக் காரணம் நான் சாப்பிட்டது என்று சொல்லிவிட்டு அனுப்பிய மாதிரி இருந்தது. பிறகு இன்னொரு இடத்தில் பார்த்த கண் நரம்பியல் டாக்டர் ஒரு தாளை எடுத்து எண்களை எழுதினார். உங்கள் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே சிலருக்கு வீக்கம் இறங்கத் தொடங்கும், 15 சதவீதம் நல்ல இலக்கு, அதாவது உங்களுக்கு 13 கிலோ, அதுவரை கண்ணை மாத்திரை காப்பாற்றும், எடை மெதுவாகத்தான் இறங்கும், அவசரம் வேண்டாம். இதே விஷயம்தான், ஆனால் எனக்கு அன்றைக்குத்தான் அது மருந்தாகக் கேட்டது. உங்கள் டாக்டர் எண் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்: எத்தனை கிலோ, எத்தனை மாதத்தில், அடுத்த கண் பரிசோதனை எப்போது.

இது சும்மா சொல்லும் பேச்சில்லை என்பதற்கு ஆராய்ச்சிகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் 25 பெண்களை வைத்துச் செய்து 2010 இல் வெளியான ஒன்றில், மூன்று மாதம் ஒரு நாளைக்கு 425 கலோரி மட்டும் கொடுத்தார்கள். சராசரியாக 15.7 கிலோ குறைந்தது, தலைக்குள் அழுத்தம் சராசரியாக 8 சென்டிமீட்டர் இறங்கியது, தலைவலியும் நரம்பு வீக்கமும் குறைந்தன. முதுகில் ஊசி போட்டு அளந்த எண் அது, வெறும் தோற்றம் இல்லை. (425 கலோரியை யாரும் வீட்டில் முயல வேண்டாம். அது மருத்துவக் கண்காணிப்பில், தயாரித்த திரவ உணவோடு செய்தது. அவ்வளவு வேகமாக இறங்கினால் பித்தப்பையில் கல் வரலாம்.) அமெரிக்காவில் 165 பேரை வைத்து நடந்து 2014 இல் வெளியான ஆய்வில் எல்லோருக்கும் உப்புக் குறைந்த எடை குறைப்பு உணவு, பாதிப் பேருக்கு அதோடு அசெட்டஸோலமைடு மாத்திரை. பார்வைப் புலம், அதாவது ஓரங்கள் வரை கண்ணுக்குத் தெரியும் பரப்பு, இரு பிரிவினருக்கும் தேறியது, மாத்திரையும் எடுத்தவர்களுக்குக் கூடுதலாகத் தேறியது. ஆக மாத்திரையா எடையா என்ற சண்டையே தேவையில்லை, இரண்டும் சேர்ந்துதான். எடை ஏன் அழுத்தத்தை ஏற்றுகிறது என்பதற்கு வயிற்றுக் கொழுப்பு சிரைகளை அழுத்துகிறது என்று முன்பு சொன்னார்கள், இப்போது ஹார்மோன்களின் பக்கமும் பார்க்கிறார்கள்.

அந்த மாத்திரை டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும். விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் குறுகுறுவென்று எறும்பு ஊர்வது போல இருக்கும், பயப்பட வேண்டாம், ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள். பொட்டாசியம் குறையலாம், சிறுநீரகக் கல் வரலாம், அதனால் சென்னை வெயிலில் தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே போகக் கூடாது. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒரு விசித்திரமான பலனும் உண்டு: சோடா, கோலா எல்லாம் உலோகத் தகட்டை நக்கியது போலச் சுவைக்கும். மத்தியான வெயிலுக்கு ஒரு பன்னீர் சோடா என்ற என் வழக்கம் அப்படியே நின்றுபோனது, அந்தச் சர்க்கரையும் சேர்ந்து நின்றது.

சாப்பாடு. நான் இருப்பது சைதாப்பேட்டை, வடகறிக்குப் பேர் போன ஊர், காலையில் தெருவே மணக்கும். அதை வாழ்நாள் முழுக்க விடு என்றால் ஒரு மாதம்கூடத் தாங்காது என்பது எனக்குத் தெரியும், அதனால் அதை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கினேன். உண்மையில் எடை இறங்கியது பெரிய தியாகங்களால் இல்லை, சோற்றுக் கரண்டியால்தான். தட்டில் பாதி காய் அல்லது கீரை, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. இரண்டாம் முறை சோறு கிடையாது, வேண்டுமென்றால் இரண்டாம் முறை பொரியல். காபியில் சர்க்கரையைப் படிப்படியாக எடுத்தேன். ஆபீசில் நாலு மணி பஜ்ஜிக்குப் பதில் வீட்டிலிருந்து கொண்டு போன சுண்டல். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாகக் கூடாது என்று வாயில் போட்டுக்கொள்வது அம்மாக்கள் எல்லோரிடமும் இருக்கும் பழக்கம், அதை நிறுத்தியதே கணிசமான வித்தியாசம்.

உப்புதான் எங்கள் வீட்டில் பெரிய பாடு. ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, பாக்கெட் மிக்சர், பேக்கரி பப்ஸ், இவற்றிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடும், குழம்புக்கு மிச்சமே இருக்காது. எனக்கு மட்டும் தனியாகச் சமைப்பது நடக்கிற காரியம் இல்லை. "அத்தை, உப்பைக் கொஞ்சம் குறைங்க, கண்ணுக்காகச் சொல்றாங்க" என்றால் என் மாமியார், "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க" என்பார். அடுத்த கண் பரிசோதனைக்கு அவரையே கூட அழைத்துப் போனேன். வீங்கிய நரம்பின் படத்தை டாக்டர் கம்ப்யூட்டரில் காட்டியதும் அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. அன்று ராத்திரியிலிருந்து எலுமிச்சையும் புளியும் மிளகும் கூடி, உப்பு வீட்டில் எல்லோருக்கும் குறைந்தது. அவருடைய பிபிக்கும் அது நல்லதாயிற்று. வீட்டில் சமைப்பவரை டாக்டரிடம் கூட்டிப் போங்கள், நாம் ஆயிரம் சொல்வதை அந்த ஒரு படம் சொல்லிவிடும்.

நடை. மே மாதத்தில் ஆறு மணிக்கே வேர்த்துக் கொட்டுகிற ஊர் இது, அதனால் விடிவதற்குள் நடந்துவிட வேண்டும், மழைக் காலத்தில் மொட்டை மாடி அல்லது வீட்டுக்குள்ளேயே. தினம் அரை மணி என்று தொடங்கினேன், தலை கனத்த நாட்களில் பத்து நிமிடம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்குவதும் தலைகீழாக நிற்கும் ஆசனங்களும் தலை அழுத்தத்தை ஏற்றும் என்பதால் வேண்டாம் என்றார்கள். என் கணவர் காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பும் வேலையை எடுத்துக்கொண்டார், அது இல்லாமல் இந்த நடை நடந்திருக்காது. பெண்ணிடம் உடற்பயிற்சி செய் என்று சொல்கிறவர்கள் அதற்கு அவளுக்கு எந்த நேரத்தை விடுவித்துக் கொடுத்தார்கள் என்றும் யோசிக்க வேண்டும். குறட்டை விட்டுத் தூங்கி, பகலில் அசந்து போகிறவர்கள் ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு நிற்பது, இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், ரத்த சோகையையும் பாருங்கள், இரண்டும் இந்த நோயைக் கெடுக்கும்.

எடை ஒரு கட்டத்தில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும். அப்போது மனதைத் தாங்கிப் பிடிக்க எனக்கு இருந்தது ஃபீல்டு டெஸ்ட். கிண்ணம் போன்ற கருவிக்குள் பார்த்துக்கொண்டு, ஓரங்களில் புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். நடுவில் பார்வை நன்றாக இருக்கும்போதே ஓரப் பார்வை போய்க்கொண்டிருக்கலாம் என்பதால் எழுத்துப் பலகை படிப்பது மட்டும் போதாது. எடை நின்றிருந்த காலத்திலும் என் பார்வைப் புலம் தேறிக்கொண்டே இருந்தது, கண் நரம்பைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் வீக்கம் இறங்கிக்கொண்டே இருந்தது. களைப்போடு இருக்கும்போது இந்தப் பரிசோதனையைச் செய்யாதீர்கள், ரிசல்ட் மோசமாக வந்து வீணாகப் பயப்பட வேண்டியிருக்கும். பழைய தாள்களை எல்லாம் தேதி வாரியாக ஒரு ஃபைலில் வையுங்கள், டாக்டர் மாறினாலும் ஒப்பிட அதுதான் உதவும்.

கண்ணுக்கு நல்லது என்று என் அக்கா அன்போடு மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை வாங்கி வந்தாள். அதில் வைட்டமின் ஏ இருக்கிறது, அது உடம்பில் அதிகமாகச் சேர்ந்தால் இதே அழுத்தத்தை ஏற்றும், அதனால் டாக்டர் வேண்டாம் என்றார். கேரட்டும் முருங்கைக்கீரையும் தாராளமாகச் சாப்பிடலாம், அதில் ஆபத்தில்லை. முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின் ஆகியவையும் இந்த நோயைக் கிளப்பக் கூடியவை. தோல் டாக்டரிடம் போனாலும் காய்ச்சலுக்குப் போனாலும் நமக்கு ஐஐஎச் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். இந்த நோய்க்குச் சிலருக்குக் கொடுக்கும் இன்னொரு மாத்திரையான டோப்பிரமேட் எடுக்கும் பெண்கள் கர்ப்பத்தைப் பற்றி முன்கூட்டியே பேசியாக வேண்டும், அது குழந்தையைப் பாதிக்கும், கருத்தடை மாத்திரையின் வேலையையும் குறைக்கும்.

உணவாலும் நடையாலும் எல்லோருக்கும் போதுமான அளவு குறைந்துவிடாது, அதில் யாருடைய ஒழுக்கமும் குறைந்துவிடவில்லை. 66 பெண்களை வைத்து இங்கிலாந்தில் நடந்து 2021 இல் வெளியான ஆய்வில், எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குத் தலை அழுத்தம் உணவு வகுப்புக்குப் போனவர்களைவிட அதிகமாக இறங்கியது, இரண்டு வருடத்திலும் அந்த வித்தியாசம் நிலைத்தது. அழுத்தம் இயல்பு நிலைக்கு வர 24 சதவீதம் வரை எடை குறைய வேண்டியிருந்தது என்றும் அதன் தரவிலிருந்து கணக்கிட்டார்கள். அவர்கள் எல்லோரும் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, 35ஓ அதற்கு மேலோ இருந்தவர்கள். 2025 இல் நம் நாட்டுக்கு வந்த வாராந்திர எடை குறைப்பு ஊசிகளைப் பற்றியும் கேட்கலாம், ஆனால் நரம்பியல் டாக்டருக்குத் தெரியாமல் மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்றைத் தடித்த எழுத்தில் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். பார்வை நாளுக்கு நாள் சுருங்குகிறது, அல்லது திடீரென்று ஒரு பக்கம் இருட்டிவிட்டது என்றால் அது எடை குறையும் வரை காத்திருக்கும் நேரம் இல்லை. அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். நீரை வயிற்றுக்கு வடிக்கும் ஷன்ட், கண் நரம்பு உறையைத் திறந்துவிடும் அறுவை சிகிச்சை போன்றவை அதற்காகத்தான் இருக்கின்றன. இழந்த கண் நரம்பு திரும்பி வராது.

எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகி 75 கிலோவுக்கு வந்திருக்கிறேன். வீக்கம் போய்விட்டது, காதுச் சத்தம் நின்றுவிட்டது, மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். தலைவலி முழுதாகப் போகவில்லை. அழுத்தம் இறங்கிய பிறகும் மைக்ரேன் போன்ற வலி பலருக்கு மிச்சம் இருக்கும், அதற்குத் தனி வைத்தியம் உண்டு, வலி மாத்திரையை அடிக்கடி போட்டால் அதுவே இன்னொரு தலைவலியாகிவிடும் என்று எச்சரித்தார்கள். எடை மறுபடி ஏறினால் நோயும் திரும்பலாம் என்பதால் கண் பரிசோதனை நிற்காது, வாரம் ஒரு முறை எடை பார்ப்பதும் நிற்காது.

கடைசியாக, ஒல்லியாக இருப்பவர்களுக்கு. இந்த நோய் என்று சொல்லிவிட்டார்களே என்று, கூடுதல் எடையே இல்லாத என் பக்கத்து ஆபீஸ் பெண் ஒருத்தி பட்டினி கிடக்க ஆரம்பித்தாள். கூடுதல் எடை இல்லாதவருக்கு எடையைக் குறைப்பது மருந்தாகாது. அவர்களுக்கு மருந்துகள், சிரை உறைவு, ஹார்மோன், ரத்த சோகை என்று வேறு காரணங்களை இன்னும் கவனமாகத் தேட வேண்டும். அவளுக்கு அப்படித் தேடியபோது பருவுக்கு எடுத்துக்கொண்டிருந்த மாத்திரை அகப்பட்டது. அதை நிறுத்திவிட்டு டயமாக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறாள், மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள்.